வீட்டு வாசல்ல வச்சு சான்ட்ரோவுக்கு டைமிங் பெல்ட் மாத்துறது

டைமிங் பெல்ட் அறுந்துபோறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லாது. காலையில வண்டியை எடுக்கும்போது முன்பக்கம் கீச்சு கீச்சுன்னு கத்துதே, டைமிங் பெல்ட் போயிருச்சான்னு கேட்டு வர்றவங்கதான் அதிகம். அது இல்லங்க. கத்துறது வெளிய ஓடுற ஃபேன் பெல்ட், இல்லன்னா ஏசி பெல்ட். டைமிங் பெல்ட் கவருக்குள்ள ஓடுது. பல்லு வச்ச பெல்ட்டு, வழுக்காது. அதனால கத்தவும் செய்யாது. நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே ரெண்டு பல்லு உதிரும், இல்லன்னா பட்டுன்னு அறும். அம்புட்டுதான்.

நான் அரசு பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். லேலண்ட் பஸ் இன்ஜின்ல டைமிங் கியர்தான். கியரோட கியர் கடிச்சு ஓடும், அறுந்துபோக அங்க எதுவும் கிடையாது. கார்ப் பக்கம் வந்தப்புறம்தான் ஒரு ரப்பர் பட்டையை நம்பி இன்ஜின் ஓடுற விவகாரமே கைக்கு வந்துச்சு. இப்ப மதுரை ஆனையூர்ல வீட்டு வாசல்லயே சொந்தக்காரங்க, தெருக்காரங்க வண்டியைப் பாக்குறேன். இங்க எழுதுறது அக்கா மகனோட சான்ட்ரோ ஜிங்குக்குச் செஞ்ச வேலையை வச்சு. மத்த வண்டிக்கும் முறை இதுதான். மார்க் (பெல்ட்டைச் சரியா மாட்ட வச்சிருக்கிற அடையாளக் குறி) இருக்கிற இடமும் டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை) வகையும் மாறும். உங்க வண்டிக்கான சர்வீஸ் மேனுவல் கையில இல்லாம மட்டும் இறங்காதீங்க.

முதல்ல பெல்ட்டா செயினான்னு தெரிஞ்சுக்கங்க. மாருதி 800, பழைய 800 சிசி ஆல்ட்டோ, பழைய ஜென், சான்ட்ரோ, இண்டிகா டீசல், டஸ்டர் டீசல் எல்லாம் பெல்ட். ஆல்ட்டோ கே10, 1.3 டீசல் ஸ்விஃப்ட் எல்லாம் செயின். ஐ10-ல 1.1 இன்ஜின்னா பெல்ட், 1.2 கப்பா இன்ஜின்னா செயின். ஒரே பேரு, ஒரே பாடி, உள்ளுக்குள்ள வேற. அதனால பேரைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. இன்ஜினோட பக்கவாட்டுல பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருந்தா அநேகமா பெல்ட். அலுமினியக் கவரை ஆயில் கசியாம ஒட்டி முறுக்கியிருந்தா செயின்.

எப்ப மாத்தணும்? 60,000 கிலோமீட்டர், இல்லன்னா 5 வருஷம், எது முந்துதோ அது. இது என் கணக்கு. கம்பெனி புக்குல இதைவிடக் கம்மியாப் போட்டிருந்தா புக்கு சொல்றதைக் கேளுங்க. நம்ம ஊர்ல கிலோமீட்டரைவிட வருஷம்தான் பெல்ட்டைக் கொல்லுது. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி, மீட்டர்ல கம்மியாத்தான் காட்டும், ஆனா ரப்பர் பாட்டுக்கு வயசாகிக்கிட்டே இருக்கும். சித்திரை வெயில்ல ஏசியைப் போட்டுக்கிட்டு கோரிப்பாளையத்துல நகராம நிக்கிற வண்டிக்கு மீட்டர் ஏறாது; கவருக்குள்ள சூடு மட்டும் ஏறும். மேலூர்ப் பக்கம் கல்குவாரி ரோட்டுல ஓடுற வண்டின்னா தூசி வேற. கவர்ல ரெண்டு போல்ட்டைக் காணோம்னா அந்த வழியா தூசி போய் டென்ஷனர் பேரிங்கைத் தின்னுரும். பழைய வண்டி வாங்கினீங்கன்னா, போன தடவை எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட காட்டாதவரைக்கும் மாத்தவே இல்லைன்னு வச்சுக்கங்க.

பயம் எதுக்குன்னா, இந்தப் பெல்ட் கிராங்கையும் (பிஸ்டன் சுத்திவிடுற அச்சு) கேமையும் (வால்வைத் திறந்து மூடுற அச்சு) கட்டி ஓட்டுது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது. பிஸ்டன் மேல வரும்போது வால்வு ஒதுங்கியிருக்கணும். பெல்ட் அறுந்தா கேம் நின்னுரும், வண்டி போற வேகத்துல கிராங்க் மட்டும் சுத்தும், திறந்து நிக்கிற வால்வு தலையில பிஸ்டன் வந்து முட்டும். சான்ட்ரோ அந்த ரகம். வால்வு வளைஞ்சுட்டா ஹெட்டை, அதான் இன்ஜினோட மேல் பாகத்தை, இறக்கித்தான் ஆகணும்.

அறுந்துருச்சான்னு சத்தத்துலயே தெரியும். சாவியைத் திருப்பினா செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எப்பவும் போல முக்கி முக்கிச் சுத்தாது. குழவி போடாத கிரைண்டர் மோட்டார் மாதிரி, கனமே இல்லாம சொய்ங்குன்னு சுத்தும். கம்ப்ரெஷன், அதான் சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம், இல்லைன்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டா சாவியை எடுத்துப் பையில போட்டுக்கங்க. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி வண்டி நின்னுபோச்சுன்னு போன் வரும். "எத்தனை தடவை அடிச்சுப் பாத்தீங்க"ன்னுதான் நான் முதல்ல கேப்பேன். தப்பிச்சு நிக்கிற வால்வையும் செல்ஃப் அடிச்சே வளைச்சுருவாங்க.

சாமான் வாங்குற விஷயம். பெல்ட் மட்டும் வாங்காதீங்க. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டுற சும்மா சுத்துற உருளை) இருந்தா அது, கேம் ஆயில் சீல், கிராங்க் முன் ஆயில் சீல், வெளிப் பெல்ட்டுகள், இத்தனையும் ஒரே தடவையில. வாட்டர் பம்பை ஆட்டிப் பாத்து, கசிவோ ஆட்டமோ இருந்தா அதையும் சேத்துக்கங்க. சில இன்ஜின்ல பம்பை டைமிங் பெல்ட்டே சுத்துது, அங்க யோசிக்காம மாத்துங்க. பழைய பம்ப் சிக்கினா புது பெல்ட்டையும் சேத்துக் கொண்டுபோயிரும். "டென்ஷனர் நல்லாத்தானே சுத்துது மாமா"ம்பான் மருமகன். கையில சுத்தும்போது எல்லா பேரிங்கும் நல்லாத்தான் சுத்தும். காதுகிட்ட வச்சுச் சுத்தினா, சரசரன்னு காஞ்ச சத்தம் வந்தா, இல்ல ரொம்ப நேரம் லேசா சுத்திக்கிட்டே இருந்தா உள்ள கிரீஸ் செத்துருச்சு. புது பேரிங் கொஞ்சம் பிடிச்சாப்ல சுத்தி நிக்கும்.

டூப்ளிகேட் விஷயத்துல எனக்கு ஒரு கடையில வருத்தம் உண்டு. கம்பெனி டப்பா, உள்ள வேற பெல்ட். அதுல இருந்து கடையிலயே டப்பாவைப் பிரிச்சு, பழைய பெல்ட் நம்பரையும் புதுசு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் காசு கொடுப்பேன். பல்லை எண்ணணும், அகலத்தை அளக்கணும், பல்லோட வளைவு ஒண்ணா இருக்கணும். வாங்கின பெல்ட்டை மடிச்சுப் பைக்குள்ள திணிச்சுக் கொண்டுவராதீங்க. உள்ள கண்ணாடி இழை நூல் ஓடுது. ஒரு தடவை நறுக்குன்னு மடங்கினா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள இழை முறிஞ்சிருக்கும்.

இனி வேலை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும். சூட்டுல அலுமினிய ஹெட் விரிஞ்சு பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும், அந்த நேரத்துல டென்ஷன் வச்சா ஆறினப்புறம் தொளதொளன்னு ஆயிரும். ராத்திரி நிறுத்தின வண்டியை விடியக்காலையில தொடுறதுதான் நல்லது, வெயிலுக்கும் அதுதான் தோது. தரை முக்கியம். போர்ட்டிகோவுல வழவழன்னு டைல்ஸ் போட்டிருந்தா அங்க ஜாக்கி போடாதீங்க, வழுக்கும். மண்தரைன்னா அடியில தடிமனா பலகை வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் செய்யாதீங்க, ஸ்டாண்டு போட்டே ஆகணும், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க. டிரைவர் பக்கம் முன் சக்கரத்தைக் கழட்டி, உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தா கிராங்க் புல்லி தெரியும்.

வெளிப் பெல்ட்டுகளைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு யோசனை. வாட்டர் பம்ப் புல்லி வெளிய இருந்தா, பெல்ட் இறுக்கமா இருக்கும்போதே அந்தப் புல்லி போல்ட்டுகளை லூஸ் பண்ணிருங்க. பெல்ட்டை எடுத்துட்டா புல்லி கூடவே சுத்தும், அப்புறம் பிடிக்க ஆள் தேடணும்.

இந்த வேலையில பாதி நேரத்தைத் தின்னுறது கிராங்க் போல்ட்டுதான், கிராங்க் புல்லியோட நடுப் போல்ட்டு. பெல்ட் மாத்துறது கஷ்டம்னு சொல்றவங்க உண்மையில சொல்றது இந்தப் போல்ட்டைத்தான். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து பிடிச்சிருக்கும். 12 முனை சாக்கெட்டைப் போட்டா தலை மழுங்கிரும். ஆறு முனை சாக்கெட்தான் போடணும், அதுவும் தட்டி முழுசா உள்ள இறங்கியிருக்கணும். வண்டியை அஞ்சாவது கியர்ல போட்டு, உள்ள ஒருத்தரை உக்கார வச்சு பிரேக்கை ஏறி மிதிக்கச் சொல்லுங்க. டி-ராடுல மூணடி பைப்பை மாட்டி, கீழ அமுக்குற மாதிரி நின்னுக்கிட்டு, ஒரே சீரா அழுத்தம் கொடுங்க. துள்ளித் துள்ளி அடிக்காதீங்க. படக்குன்னு ஒரு சத்தம் வரும். போல்ட் விட்டதா, சாக்கெட் வழுக்கினதான்னு பாத்துட்டு அடுத்த அழுத்தம். அசையலைன்னா மண்ணெண்ணெயோ துரு எண்ணெயோ விட்டு ஒரு மணி நேரம் விட்டுருங்க, டீ குடிச்சுட்டு வரலாம். அப்பவும் வரலைன்னா ஏர் கன் வச்சிருக்கிற டயர் கடைக்காரரைக் கூப்பிடுறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஸ்பேனரைத் தரையில முட்டுக்கொடுத்துட்டு செல்ஃப் அடிச்சுக் கழட்டுற வித்தையைச் சிலர் செய்வாங்க. ஸ்பேனர் பறந்தா எங்கிட்டுப் போகும்னு யாருக்கும் தெரியாது. நான் செய்யமாட்டேன், செய்ய விடவும் மாட்டேன்.

ஆனா போல்ட்டை முழுசா எடுத்துராதீங்க, லூஸ் பண்ணி விட்டாப் போதும். இன்ஜினை மார்க்குக்குக் கொண்டுவர அந்தப் போல்ட்டு வேணும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிருங்க. கம்ப்ரெஷன் போயிரும், ஸ்பேனரை ஒரு கையாலயே திருப்பலாம். பெல்ட் பக்கம் இருந்து பாத்தா கடிகாரம் சுத்துற திசையில மட்டும் திருப்புங்க. இது எல்லா வண்டிக்கும் பொது இல்ல. பழைய ஹோண்டா சிட்டி எதிர்த்திசையில ஓடுற இன்ஜின். இன்ஜின் ஓடுற திசை எதுவோ, அந்தத் திசையில மட்டும் சுத்துங்க. முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில விரலை வச்சுக்கிட்டா, காத்து விரலைத் தள்ளும்போது கம்ப்ரெஷன் வருதுன்னு தெரியும். அங்க இருந்து மெதுவா, வெளிப் புல்லி மார்க்கு கவர் மார்க்குக்கு நேரா வர்றவரைக்கும் திருப்புங்க.

எஞ்சின் மவுன்ட் பெல்ட்டுக்குக் குறுக்க இருந்தா, ஆயில் சம்புக்கு (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) அடியில அகலமான மரக்கட்டை வச்சு ஜாக்கியால லேசாத் தாங்கினதுக்கு அப்புறம்தான் அதைக் கழட்டணும். தூக்கக் கூடாது, தாங்கினாப் போதும். கட்டை இல்லாம ஜாக்கியை நேரா சம்புல வச்சா தகரம் பள்ளமாயிரும்.

இப்ப புல்லியையும் கவரையும் எடுத்துரலாம். கவர் போல்ட்டுகள்ல நீளம் குட்டை கலந்திருக்கும். ஒரு அட்டையில கவர் படத்தை வரைஞ்சு, எங்க இருந்து எடுத்தோமோ அங்கயே குத்தி வைங்க. உள்ள வந்ததும் வெளிப் புல்லி மார்க்கை மறந்துருங்க. இனி கிராங்க்ல இருக்கிற பல்லுச் சக்கரத்து மார்க்கும், அதுக்குப் பக்கத்துல ஆயில் பம்ப் பாடியில இருக்கிற மார்க்கும்தான் கணக்கு. மேல கேம் சக்கரத்துல இருக்கிற குறி, பின்னாடி ஹெட் பக்கம் இருக்கிற குறிக்கு நேரா நிக்கணும். கேம் குறி தலைகீழா நின்னா பதறாதீங்க, கிராங்கை இன்னொரு முழுச் சுத்து சுத்துங்க, நேராயிரும்.

மார்க்கெல்லாம் கறுப்பா, எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும். துணியால துடைச்சுட்டு ஒயிட்னர் வைங்க. பிள்ளைங்க நோட்டுல தப்பை அழிக்கிறதுக்கு வச்சிருக்குமே, அதுதான். இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. பழைய பெல்ட் கழட்டுறதுக்கு முன்னாடி பெல்ட்டுலயும் ரெண்டு சக்கரத்துலயும் சேத்து கோடு போட்டு, போன்ல நேரா நின்னு போட்டோ எடுங்க. சாஞ்சு நின்னு எடுத்தா மார்க்கு ஒரு பல்லு தள்ளித் தெரியும். இண்டிகா டீசல்னா இன்னொரு தலைவலி, அதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுத்துது. அங்க மூணு இடத்துல மார்க்கு சேரணும்.

டென்ஷனர்ல ரெண்டு போல்ட். ஒண்ணு அச்சு, இன்னொண்ணு நீள ஓட்டையில நிக்கிறது. ரெண்டையும் லூஸ் பண்ணி, டென்ஷனரை ஸ்பிரிங்குக்கு எதிரா தள்ளி, ஒரு போல்ட்டை இறுக்கி நிறுத்தி வச்சா பெல்ட் கழண்டு வந்துரும். இப்போ கேமைத் தொடாதீங்க. வால்வு ஸ்பிரிங் அழுத்தத்துல கேம் தானா அசையப் பாக்கும். ஒரு பல்லு, ரெண்டு பல்லு அசைஞ்சா கையால கொண்டுவந்துரலாம். நெறைய சுத்திருச்சுன்னா அப்படியே திருப்பாதீங்க. முதல் சிலிண்டர் உச்சியில நிக்கும்போது 1-ம் 4-ம் பிஸ்டன் மேல நிக்கும், வால்வு முட்டும். கிராங்கைக் கால் சுத்து பின்னுக்குத் திருப்புங்க. அப்ப நாலு பிஸ்டனும் நடுவுல நிக்கும், கேம் தாராளமாச் சுத்தும். பெல்ட் இல்லாதப்ப மட்டும்தான் இந்தப் பின்பக்கத் திருப்பல். கேமை மார்க்குல வச்சுட்டு, கிராங்கை மறுபடி மார்க்குக்குக் கொண்டுவாங்க.

ஆயில் சீல்களை இப்பவே மாத்துங்க. சீல் உதட்டுல ஆயில் தடவி, பழைய சீல் இருந்த ஆழத்துக்கு மட்டும் தட்டுங்க. புது பெல்ட்டுல ஒரு சொட்டு ஆயிலோ கூலன்ட்டோ படக்கூடாது. கழுவிக்கலாம்னு பெட்ரோல் விட்டுராதீங்க, ரப்பர் ஊறி வீணாப்போகும்.

புது பெல்ட்டுல அம்புக்குறி இருந்தா இன்ஜின் சுத்துற திசைக்கு வைங்க. கிராங்க்ல ஆரம்பிச்சு, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பா வச்சுக்கிட்டே கேமுக்கு ஏத்தி, கடைசியில டென்ஷனர் பக்கம் விடணும். தொய்வு மொத்தமும் டென்ஷனர் பக்கம்தான் இருக்கணும், அந்தப் பக்கம்தானே இழுக்க ஆள் இருக்கு. கேம் சக்கரத்துல பெல்ட் நழுவாம இருக்க ஒரு துணிக் கிளிப்பைப் போட்டுக்கங்க. ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பி ஏத்தாதீங்க; ஏறலைன்னா டென்ஷனர் முழுசா விலகலைன்னு அர்த்தம்.

இங்கதான் ஒரு பல்லு தவறும். ஒரு பல்லுதானேன்னு இருக்கப்படாது. கேம் சக்கரத்துல 40 பல்லு இருக்குன்னு வச்சுக்குவோம், ஒரு பல்லுக்கு 9 டிகிரி. கிராங்க் கணக்குல 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனா ஏத்தத்துல இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் வண்டிக்காரருக்கே தெரியும்.

டென்ஷனர் போல்ட்டை விட்டா ஸ்பிரிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். கையால கூடுதலா நெம்பி இறுக்கக் கூடாது. கிராங்கை ஓடுற திசையில கொஞ்சம் திருப்பி, டென்ஷன் சமமா ஆனதும் நீள ஓட்டைப் போல்ட்டை முதல்ல இறுக்குங்க, அப்புறம் அச்சுப் போல்ட். இந்த வரிசை மாறினா, அச்சுப் போல்ட்டை இறுக்கும்போது டென்ஷனரும் கூடவே திரும்பி பெல்ட்டை அளவுக்கு மேல இறுக்கிரும். பெல்ட்டை விரலால முறுக்கி 90 டிகிரி திரும்பினா சரிங்கிற கணக்கு ஊர் பூரா இருக்கு. விரலுக்கு விரல் பலம் மாறும், நான் அதைக் கடைசியா ஒரு சந்தேகத்துக்கு மட்டும்தான் பாப்பேன். மேனுவல்ல சொன்ன அளவுதான் அளவு.

"மாமா, செல்ஃப் அடிச்சுப் பாத்துரட்டுமா?"

"சும்மா இரு மாப்ள. முதல்ல கையால."

கையால ரெண்டு முழுச் சுத்து. ஸ்பேனர்ல, மெதுவா. எங்கயாவது டக்குன்னு முட்டினா அங்கயே நிறுத்துங்க, பலம் கொடுக்காதீங்க. வால்வும் பிஸ்டனும் தொட்டுக்கிட்டு நிக்குது. பிளக் கழட்டி வச்சதோட பலன் இங்கதான்: கம்ப்ரெஷன் இல்லாததால, முட்டுறது எதுன்னு குழப்பம் வராது. ரெண்டு சுத்து முடிஞ்சதும் கிராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் திரும்ப நேரா நிக்கணும். புது பெல்ட்டுலயும் கோடு போட்டிருந்தா அது நேரா வராது, அதைப் பாத்துக் குழம்பாதீங்க. சக்கரத்து மார்க்குதான் கணக்கு. ஒரு பல்லு தள்ளி நின்னா அலுத்துக்காம கழட்டி மறுபடி மாட்டுங்க.

திருப்பி மாட்டுறதுல பெருசா ஒண்ணும் இல்ல, கழட்டின வரிசைக்கு நேர் எதிர். கிராங்க் போல்ட்டு மரையைக் கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்லதான் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்கணும். சில இன்ஜினுக்கு இந்தப் போல்ட்டைப் புதுசா மாத்தச் சொல்லியிருக்கும், அங்க பழசைப் போடாதீங்க. இது லூஸா இருந்தா புல்லி ஆடி ஆடி கிராங்க்ல இருக்கிற சாவிக்கட்டை (சக்கரம் அச்சுல நழுவாம பிடிக்கிற சின்னத் துண்டு) தேஞ்சுரும், அப்புறம் எத்தனை பெல்ட் மாத்தினாலும் டைமிங் நிக்காது. கீழ்க் கவர்ல ஒரு போல்ட்டைக்கூட விடாதீங்க. கூலன்ட் இறக்கியிருந்தா ரொப்பி, காத்தை வெளியேத்துங்க.

ஸ்டார்ட் பண்ணதும் ரேஸ் பண்ணாம ஐட்லிங்லயே விட்டு, பானெட்டைத் திறந்து கேளுங்க. உய்ய்ங்னு விசில் மாதிரி வந்தா பெல்ட் இறுக்கம். சரக் சரக்னு வந்தா பெல்ட் கவர்ல உரசுது. படபடன்னு அடிச்சா தொய்வு. மூணுல எது வந்தாலும் வண்டியை அணைச்சுட்டு ஆறவிட்டுத் திரும்பப் பிரிக்கணும், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்னு எதுவும் இல்ல. சத்தம் சுத்தமா இருந்தா சக்கர நட்டை டார்க் பண்ணிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள நத்தம் ரோட்டுல ஒரு நடை போயிட்டு வாங்க. வந்ததும் அடியில ஆயில், கூலன்ட் சொட்டு இருக்கான்னு ஒரு அட்டையை விரிச்சுப் பாருங்க. ஒரு 500 கிலோமீட்டர் ஓடினப்புறம் வெளிப் பெல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதை மட்டும் இறுக்கிக்கங்க. மேல் கவர்மேல மார்க்கர் பேனாவால தேதியும் மீட்டர் ரீடிங்கும் எழுதிருங்க. வண்டியை வித்தாலும் வாங்குறவருக்கு அது உதவும்.